அடுப்படியில் யார் நிற்பது?

திருநெல்வேலிப் பக்கம் கூட்டாஞ்சோறு என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசியும் பருப்பும் வீட்டில் இருந்து எடுத்துவந்து, மூன்று கல்லைக் கூட்டி, ஒரே பாத்திரத்தில் பொங்கித் தின்னும் விளையாட்டு. இன்னொன்று, வீட்டில் பெரியவர்கள் ஆக்கும் சாப்பாடு. அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பானையில் வேகும். அரைத்த தேங்காயும் சீரகமும் மிளகாய் வற்றலும், கரைத்த புளியும் அதில் சேரும். கடைசியில் வடகம் தாளித்துக் கொட்டினால் தெரு முனை வரைக்கும் மணக்கும்.

இன்று கடைகளில் விதவிதமான 'எல்லாம் ஒன்றிலேயே' குக்கர்கள் கிடைக்கின்றன. கரண்ட்டில் ஓடுவது உண்டு, அடுப்பில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் சூட்டுப் பெட்டிக்குள் இறக்கும் தெர்மல் குக்கர் உண்டு. எல்லா விளம்பரமும் சொல்வது ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போடு, மூடு, போய் உன் வேலையைப் பார்.

இதில் முதல் பாதி நமக்குப் புதுசு இல்லை. ஒரே பாத்திரத்தில் போடுவதைக் கூட்டாஞ்சோறு எப்போதோ செய்துவிட்டது. 'போய் உன் வேலையைப் பார்' என்பதுதான் புதுசு. அடுப்பைப் பார்த்து அந்த வார்த்தையை முதலில் சொன்னது யார், யாருக்காகச் சொன்னார்கள்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், நம் வீட்டுச் சமையல் குறிப்புகளைப் பற்றியே வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கிறது.

அளவு வேண்டாம், ஆள் வேண்டும்

தாமிரபரணிக் கரையில் சோற்றின் பழைய தடயங்களில் ஒன்று கிடைத்தது அடுப்படியில் அல்ல, இடுகாட்டில். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகளையில், முதுமக்கள் தாழி ஒன்றுக்குள் நெல் உமி இருந்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று ஆய்வகத்தில் கணிக்கப்பட்டதை 2021 செப்டம்பரில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஆதிச்சநல்லூர். 1876ல் ஜெர்மனியில் இருந்து வந்த யாகோர் தோண்டிய இடம். பிறகு அலெக்ஸாண்டர் ரீ வந்தார். தாழிகளோடு கறுப்பு சிவப்புப் பானைகளும் கிண்ணங்களும் வந்துகொண்டே இருந்தன. செத்தவருக்கும் பண்டம் பாத்திரம் கட்டிக் கொடுத்து அனுப்பிய ஊர் இது.

மூவாயிரம் வருஷத்துக்குப் பிறகும் இந்தப் பள்ளத்தாக்கின் கணக்கு கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்தில்தான் ஓடுகிறது. காருகுறிச்சியில் இன்றைக்கும் பானை வனைகிறார்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986ல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16, குட்டையும் தடியுமான அரிசி, 'அம்பை 16' என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்கப் போய்விட்டது.

அந்தப் பானையில் அந்த அரிசியை எப்படி வேகவைத்தார்கள் என்பதை ஓர் எஞ்சினியர் கண்ணால் பாருங்கள். பானை நிறைய உலை வைக்க வேண்டும். தண்ணீருக்குக் கணக்கு கிடையாது. அரிசி கொதிக்கும்போது அகப்பையால் நாலு பருக்கை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லையென்றால் பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடித்துவிடலாம். அவ்வளவுதான்.

அரிசி புதுசா பழசா, காரா பிசானமா, விறகு ஈரமா காய்ந்ததா, இதெல்லாம் ஒவ்வொரு நாளும் மாறும். எத்தனை மாறினாலும் இந்த முறை தோற்காது. காரணம், அது எதையும் முன்கூட்டிக் கணக்குப் போடுவதில்லை. வெந்ததா என்று கடைசியில் கையால் சோதித்து முடிவெடுக்கிறது. மிச்சத் தண்ணீரும் வீணில்லை. உப்புப் போட்டுக் குடிக்கலாம், வேட்டிக்குக் கஞ்சி போடலாம், மாட்டுக்கு ஊற்றலாம்.

ஒரே ஒரு நிபந்தனைதான். யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். அளவு வேண்டாம், ஆள் வேண்டும். நம் பழைய சமையல் முழுக்க இந்த ஒப்பந்தத்தில் நடந்தது. அந்த ஆள் பெரும்பாலும் யார் என்று சொல்லத் தேவையில்லை.

சங்கு ஊதிய பிறகு

நிற்க ஆள் இல்லாமல் போனது எப்போது? என் பதில்: கடிகாரமும் ரயிலும் வந்தபோது.

1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் பஞ்சாலை கட்டினார்கள். மலையில் இருந்து விழும் ஆற்றுத் தண்ணீரின் விசையில் எந்திரம் ஓடியது. விக்கிரமசிங்கபுரம் ஆலை ஊராக வளர்ந்தது. வயல் வேலைக்குப் போகிறவர் சோறு ஆன பிறகு கிளம்பலாம். ஆலைச் சங்கு சோற்றுக்காகக் காத்திருக்காது. குக்கர் விசில் இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே ஆலைச் சங்கு வந்துவிட்டது.

அதற்கும் முன்பு 1876ல் திருநெல்வேலிக்கு ரயில் வந்திருந்தது. படித்த பையன்கள் குமாஸ்தாவாக, வாத்தியாராக, வக்கீலாக மதராசுக்கும் பம்பாய்க்கும் கிளம்பினார்கள். முதலில் போனது ஆண்பிள்ளைகள் மட்டும். ஒண்டி அறை, ஒரு டிரங்குப் பெட்டி. சமைக்கத் தெரியாது. கடையில் சாப்பிடலாம் என்றால் சாதி வழி மறிக்கும். யார் ஆக்கினார்கள், யார் தொட்டார்கள் என்பது சோற்றைவிடப் பெரிய கேள்வியாக இருந்த காலம். மனைவி ஊரில், வேலை பட்டணத்தில். அடுப்புப் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை.

இந்தப் பிரச்சினை நெல்லைக்காரனுக்கு மட்டுமானது இல்லை. 1910ல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்பவர் இதற்கு ஒரு பாத்திரம் செய்தார். மருத்துவம், சட்டம், தத்துவம் எல்லாம் படித்த மனிதர். பாத்திரத்துக்கு 'இக்மிக் குக்கர்' என்று பெயர் வைத்தார். ஹைஜீனிக், எகனாமிக் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் வாலை ஒட்டவைத்த பெயர். பூரி ஜெகந்நாதர் கோவிலில் பானை மேல் பானை அடுக்கிச் சமைப்பதில் இருந்து அவருக்கு யோசனை கிடைத்தது என்பார்கள். உயரமான உருளைக்குள் டிபன் கேரியர் மாதிரி அடுக்குகள், அடியில் தண்ணீர், அதற்கும் கீழே கரி அடுப்பு. ஒரு அடுக்கில் அரிசி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் காய். கரியைப் பற்றவைத்து மூடிவிட்டால், ஆவி எல்லாவற்றையும் மெதுவாக வேகவைத்துவிடும்.

நம் பக்கத்தில் இதே வகையில் பேர் வாங்கியது ருக்மணி குக்கர். பழைய வீட்டுப் பரணில் பித்தளையில் உயரமாக ஒன்று தூசி படிந்து நின்றால் அநேகமாக அதுதான். காலையில் கரி போட்டு அடுக்கை வைத்துவிட்டுக் குளித்து, பூஜை முடித்து வந்தால் சோறும் பருப்பும் காயும் தயார். வெளியூரில் வெளிச் சாப்பாடு தொடாத பெரியவர்களுக்கும், ஒண்டிக்கட்டைகளுக்கும், யாத்திரை போகிறவர்களுக்கும் அது துணை.

இதன் பின்னால் இருக்கும் தந்திரம் எளிமையானது. திறந்த தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. அடியில் தண்ணீர் இருக்கும்வரை மேலே எந்த அடுக்கும் அடிப்பிடிக்காது. வடிக்கவும் முடியாது. அதனால் அரிசிக்கு இவ்வளவு தண்ணீர் என்று முதலிலேயே அளந்து ஊற்றியாக வேண்டும். பழைய ஒப்பந்தம் இங்கே தலைகீழாகிறது. ஆள் வேண்டாம், அளவு வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'போய் உன் வேலையைப் பார்' என்ற அந்த வார்த்தை நம் நாட்டில் முதலில் பெண்ணுக்காகச் சொல்லப்பட்டது மாதிரித் தெரியவில்லை. வீட்டில் விறகுப் புகையில் கண் கரிக்க நின்றவளுக்கு யாரும் ருக்மணி குக்கர் வாங்கிக் கொடுக்க அவசரப்படவில்லை. அவள் பக்கத்தில் இல்லாத ஆணுக்குத்தான் அது முதலில் தேவைப்பட்டது.

கடிதத்தில் போன பக்குவம்

அளவு வேண்டும் என்று ஆனபிறகு, அதை யாராவது எழுத வேண்டும் இல்லையா? மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951ல் வந்தது. வெளியூர் போன உறவுக்காரர்கள் அவரிடம் குறிப்பு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். புத்தகமாகவே போட்டுவிடு என்று தூண்டியவர் உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். ரயில் ஏறிய பையனுக்கு ருக்மணி குக்கர் என்றால், பின்னாலேயே ரயில் ஏறிய புதுப்பெண்ணுக்கு இந்தப் புத்தகம். மாமியாரும் அம்மாவும் பக்கத்தில் இல்லாத சமையலறைக்காக எழுதப்பட்டது. இரண்டும் ஒரே இடப்பெயர்ச்சியின் பிள்ளைகள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

அந்தக் காலக் குறிப்புகளில் ஆழாக்கும் படியும் பலமும் இருக்கும். 1956ல் மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்து, கிராமும் லிட்டரும் கடைக்குள் நுழைந்தன. நாழி, உழக்கு எல்லாம் மெல்ல மெல்ல பரணுக்குப் போயின. இன்றைக்கு வீட்டுக் குறிப்பை எழுதிவைக்க உட்காரும் யாருக்கும் தொல்லை இங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கள் ஆச்சியிடம் "எவ்வளவு தண்ணி?" என்று கேட்டால் "சோத்துக்குத் தக்கன ஊத்தணும்" என்பாள். "எவ்வளவு நேரம்?" என்றால் "வேகுந்தட்டியும்". கோபம் வரும். ஆனால் அவள் எதையும் மறைக்கவில்லை. அவள் பழகியது பக்கத்தில் நிற்கும் சமையல். அதில் நேரத்துக்கும் அளவுக்கும் தனியாக எண் கிடையாது. கேள்விதான் வேறு உலகத்தில் இருந்து வருகிறது.

எந்திரத்துக்கு என்ன தெரியும்?

எண்ணை எந்திரத்திடம் கொடுத்த கதை ஜப்பானில் நடந்தது. 1955 டிசம்பரில் தோஷிபா மின்சார ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் மினாமி யோஷிதாதா. சிறு பட்டறை வைத்திருந்தவர். நாள் கணக்காக, மாதக் கணக்காகச் சோறு ஆக்கி, சூட்டைக் குறித்துச் சோதித்துப் பார்த்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. வெளிப்பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர், உள்பாத்திரத்தில் அரிசி. சுமார் 20 நிமிஷத்தில் வெளித்தண்ணீர் ஆவியாகித் தீர்ந்ததும் சூடு 100 டிகிரியைத் தாண்டும். அப்போது ஓர் உலோகத் தகடு வளைந்து கரண்ட்டை நிறுத்தும். இன்றைய சாதாரண ரைஸ் குக்கரில் தகட்டுக்குப் பதில் அடியில் ஒரு காந்தம். 100 டிகிரிக்குச் சற்று மேலே போனதும் அது காந்தத்தன்மையை இழக்கும், சுவிட்ச் 'டக்' என்று விழும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த எந்திரத்துக்குச் சோறு வெந்ததா என்று தெரியாது. தண்ணீர் தீர்ந்ததா என்று மட்டும்தான் தெரியும். ஆச்சி பருக்கையை நசுக்கிச் சோற்றைக் கேட்டாள். குக்கர் தண்ணீரைக் கேட்கிறது.

பிரஷர் குக்கர் அதைக்கூடக் கேட்காது. 1679ல் டெனி பப்பான் லண்டனில் எலும்பை மெத்தென்று வேகவைத்துக் காட்டிய அடைப்புப் பாத்திரம்தான் அதன் பாட்டன். வெடிக்காமல் இருக்க எடை வைத்த வால்வையும் அவரே போட்டார். இந்தியாவில் 1959 வாக்கில் பிரெஸ்டிஜும் ஹாக்கின்ஸும் உற்பத்தியைத் தொடங்கின. உள்ளே அழுத்தம் இரண்டு மடங்காகும்போது தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கும், துவரம்பருப்பு சட்டென்று குழையும். விசில் என்பது அழுத்தம் எடையைத் தூக்கும் சத்தம், அவ்வளவுதான். ஆனால் நம்மவர்கள் அதைக் கடிகாரமாக்கிவிட்டார்கள். "நாலு விசில்" என்று சொன்னால் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் புரியும். ஆழாக்குக்கும் பலத்துக்கும் பிறகு நம் சமையலில் ஊன்றிய அளவு அது ஒன்றுதான்.

குக்கர் வந்தபிறகு வடிப்பது குறைந்தது. வடிகஞ்சி போனது. கஞ்சித் தண்ணீர் என்றால் என்ன என்று கேட்கும் தலைமுறை வந்தது. ஆனால் ஒரு பெண்ணின் காலைப்பொழுதில் முக்கால் மணி நேரமும் திரும்பக் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வடிகஞ்சிக்காக மட்டும் உருகி எழுதுகிறவர்கள், விறகு அடுப்பில் வடித்துப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

கரண்ட் கதையும் இந்த ஆற்றுடையதுதான். 1944ல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையில் இறங்கும் அதே தண்ணீர் மின்சாரமாகி, கீழே வாய்க்காலில் பிரிந்து வயலுக்குப் போய் நெல்லாகிறது. பாளையங்கோட்டையில் ரைஸ் குக்கரில் அம்பை அரிசி வேகும்போது ஆறு மூன்று வழியாக உள்ளே வந்து சேர்ந்திருக்கலாம்: அரிசியாக, உலைத் தண்ணீராக, கொஞ்சம் சூடாக.

சூடு ஆறாத பெட்டி

இன்னொரு குடும்பமும் இருக்கிறது. புதிதாகச் சூடு கொடுக்காமல், கொடுத்த சூட்டை விடாமல் பிடித்துவைக்கும் பாத்திரங்கள். 1867 பாரிஸ் கண்காட்சியில் நார்வேக்காரர் ஒருவர் இப்படி ஒரு பெட்டியைக் காட்டினார். கொதித்த பாத்திரத்தை அடைப்புக்குள் வைத்தால் தானாக வெந்துவிடும். உலகப் போர்க் காலத்தில் எரிபொருள் மிச்சம் பிடிக்க பிரிட்டனில் வைக்கோல் அடைத்த பெட்டியில் சமைக்கச் சொன்னார்கள்.

நமக்குப் பக்கத்தில் இதைச் செய்து காட்டியது கேரளம். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் 'சூடாறாப்பெட்டி' என்று தெர்மோகோல் பெட்டியை வீடு வீடாகக் கொண்டுபோனது. சூடு ஆறாத பெட்டி. எவ்வளவு நல்ல பெயர் பாருங்கள். மட்டை அரிசி வேக நேரம் எடுக்கும், எரிபொருள் தின்னும். ஒரு கொதி வந்ததும் பானையைப் பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டால் மிச்சத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். இதன் ஸ்டீல் தம்பிதான் செங்கோட்டையைத் தாண்டி நம் பக்கத்துக் கடைகளிலும் கிடைக்கும் தெர்மல் குக்கர். வடிக்கவும் அதில் வழி உண்டு என்பதால் சில ஆச்சிகள்கூட அதோடு சமாதானம் ஆனார்கள்.

கடைசியாக வந்தவர் எங்கள் ஜாதி. ராபர்ட் வாங், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். கனடாவில் தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்தவர். நண்பர்களோடு சேர்ந்து 2010ல் இன்ஸ்டன்ட் பாட்டைக் கொண்டுவந்தார். பிரஷர் குக்கர், ரைஸ் குக்கர், சூடு வைக்கும் பெட்டி மூன்றையும் ஒரு சிப்பின் கீழே உட்காரவைத்தார். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் சூட்கேஸில் மிக்ஸிக்கு அடுத்து இதற்குத்தான் இடம் யோசித்தார்கள். 2023ல் அதன் தாய் நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கேட்டது. அந்த வகைப் பாத்திரம் மட்டும் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.

மூன்று குறிப்புகள்

சரி, எங்கள் வீட்டுச் சமையல் இந்தப் பாத்திரங்களுக்குள் போனால் என்ன ஆகிறது? நானும் மனைவியும் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். ஊரில் இருந்து 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். எங்களுக்கு இது ரசனை சார்ந்த கேள்வி இல்லை. இந்தச் சாப்பாடு நாளைக்கும் வீட்டில் இருக்குமா இருக்காதா என்ற கேள்வி.

உளுந்தஞ்சோறு சுலபம். தொலி உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசி, தேங்காய்த் துருவல், பூண்டு, கொஞ்சம் வெந்தயம் சேர்த்து ரைஸ் குக்கரில் வைத்தால் பானையில் வந்த அதே பதம் வருகிறது. எள்ளுத் துவையல் இருந்தால் போதும். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு இடுப்புக்குப் பலம் என்று ஆக்கிக் கொடுத்த சோறு. எந்திரம் இதில் எதையும் கெடுக்கவில்லை.

கூட்டாஞ்சோறு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஒரே பானைதான், ஆனால் ஒரே நேரம் இல்லை. முதலில் பருப்பு, அது முக்கால் வேக்காடு ஆனதும் அரிசி, பிறகு காய், பிறகு கீரை, அரைத்த தேங்காய், கடைசியில் புளி. ஏன் புளி கடைசி என்று ஆச்சி சொன்னதில்லை. காரணம் வேதியியலில் இருக்கிறது. புளிப்பு இருக்கும் தண்ணீரில் பருப்பும் காயும் இளகத் தாமதமாகும். முதலிலேயே ஊற்றினால் பருப்பு நறுக்கு நறுக்கென்று நிற்கும். தேங்காய் அரைப்பைத் தொடக்கத்திலேயே போட்டால் குழம்பு கெட்டியாகி அடி சீக்கிரம் காய்ந்துவிடும். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று ரைஸ் குக்கர் நம்பி அணைந்துவிடும். எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் என்றால் அடிப்பிடிக்கிறது என்று கத்தும். ஆகவே நான் எழுதிவைத்திருக்கும் குறிப்பில் அது இரண்டு கட்டம். பருப்பும் அரிசியும் காயும் அழுத்தத்தில். திறந்து, கீரையும் அரைப்பும் புளியும் சேர்த்து இன்னொரு கொதி. 'எல்லாம் ஒன்றிலேயே' சரி, 'எல்லாம் ஒரே தடவையில்' இல்லை.

மூன்றாவது, சொதி. கல்யாணம் முடிந்து மறுவீட்டில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்தின் ராஜா. நெல்லைச் சைவப் பிள்ளைமார் வீடுகளின் அடையாளம். கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் இடியப்பத்துக்குச் சொதிதான், அது வேறு கை. இங்கே தேங்காயைத் திருகி மூன்று பால் எடுப்பார்கள். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி வேகும். வறுத்து வேகவைத்த பாசிப்பருப்பு சேரும். கடைசியில் முதல் பால். இறக்கி, சூடு தணிந்தபிறகு எலுமிச்சைச் சாறு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி.

முதல் பால் ஊற்றியபிறகு வரும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் சொதியின் தலையெழுத்து இருக்கிறது. தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகளைப் புரதம் பிடித்து வைத்திருக்கும் ஏற்பாடு. சுமார் 80 டிகிரிக்கு மேல் அந்தப் புரதம் சுருளத் தொடங்கும், கொதித்தால் பிடி விட்டுப்போகும், பால் திரியும். ஆச்சி சொல்வது: "எய்யா, ஓரத்துல நுரை கூடி வரும். பொங்க விட்டுராத. கூடும்போதே எறக்கிரு." 120 டிகிரி பிரஷர் குக்கருக்கு இங்கே வேலையே இல்லை. தெர்மல் குக்கர் நன்றாகவே ஒத்துழைக்கிறது. காய் இரண்டாம் பாலில் கொதித்துப் பெட்டிக்குள் போய் அமைதியாக வேகும். திறந்து முதல் பாலை ஊற்றினால் திரியாது, அதில் அந்த அளவு சூடு இல்லை. ஆனால் நுரையும் கூடாது, பச்சை வாசம் லேசாக நிற்கும். திரும்ப அடுப்பில் ஏற்றி, ஒரு நிமிஷம், கண் எடுக்காமல் நிற்க வேண்டும்.

இத்தனை பாத்திரம் மாறியும் அந்த ஒரு நிமிஷம் மட்டும் யாரிடமும் போகவில்லை.

தவசுப்பிள்ளை நின்ற இடம்

இதை வைத்து 'கைப்பக்குவம் எந்திரத்துக்கு வராது' என்று முடிப்பது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் வீடுகளில் கைப்பக்குவம் என்பது பல நேரம் கூலிக்குப் பதிலாகக் கொடுத்த பட்டம். "எங்கம்மா கைப்பக்குவம் வருமா" என்று சொன்னவர்கள், அம்மா உட்கார்ந்து சாப்பிட்டாளா என்று கேட்டதில்லை.

நிற்பது பெண்ணுக்கே உரிய குணம் என்பதும் பொய். அதே சொதி கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்கு ஆகும்போது அண்டா பக்கத்தில் நிற்பது யார்? தவசுப்பிள்ளை. ஆண். அவருக்குப் பெயர் உண்டு, கூலி உண்டு, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் மரியாதை உண்டு. இன்ன தவசுப்பிள்ளை வைத்த சொதி என்று பத்து வருஷம் கழித்தும் பேசுவார்கள். நுரை கூடுவதை அவர் கண்ணும் சரியாகத்தான் பிடித்தது. கூலி கிடைத்த இடத்தில் நிற்க ஆண் இருந்தான். கூலி இல்லாத இடத்தில் பெண் நின்றாள்.

இக்மிக்கில் இருந்து இன்ஸ்டன்ட் பாட் வரை எல்லாப் பாத்திரமும் செய்தது ஒரு நல்ல காரியம். நிற்க வேண்டிய நேரத்தையும் சும்மா நின்ற நேரத்தையும் பிரித்துக் காட்டியது. மூன்று மணி நேரம் அடுப்படியில் இருந்த ஆச்சியின் சமையலில் உண்மையிலேயே கண் வேண்டியிருந்தது சில நிமிஷங்கள்தான். உளுந்து வறுபடும்போது, கூட்டாஞ்சோற்றில் புளி ஊற்றும் நேரம், சொதியில் நுரை கூடும்போது. மிச்சமெல்லாம் புகையும் விறகும் காத்திருப்பும். வீட்டுக் குறிப்பை அடுத்தவருக்குக் கொடுக்க நினைக்கிறவர்கள் எழுத வேண்டியது அந்தச் சில நிமிஷங்களைத்தான். எத்தனை விசில், எத்தனை கிராம் என்பது எந்தப் பாத்திரம் வாங்கினாலும் அதன் புத்தகத்தில் இருக்கும்.

எங்கள் வீட்டில் ஆச்சியின் குறிப்புகளை இப்படித்தான் எழுதிவருகிறோம். நேரமும் அளவும் நீல மையில், நிற்க வேண்டிய இடம் சிவப்பு மையில். உளுந்தஞ்சோற்றில் ஒரு சிவப்பு வரி. கூட்டாஞ்சோற்றில் இரண்டு. சொதியிலும் ஒன்றுதான்: 'முதல் பால் ஊற்றியதும் அடுப்பை விட்டு நகரக் கூடாது.' யார் நகரக் கூடாது என்று அதில் எழுதவில்லை. அன்றைக்கு வீட்டில் யாருக்கு மீட்டிங் இல்லையோ அவர் நிற்கிறார்.